மாறியது எது?

சற்றே நீண்ட பதிவு. வீடியோ விளையாட்டில் ஒரு பந்தயக் காரைச் செப்பம் செய்த கதையாகத் தொடங்கி, என் ஆய்வேட்டின் நான்காம் இயலில் வந்து முடியும். இரண்டில் ஒன்றிலேனும் ஆர்வமுள்ளவர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

நான் புனேயில், பாஷாண் பகுதியில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் முனைவர் பட்ட மாணவன். பருவமழையைக் கணினி மாதிரிகளின் வழியே ஆராய்கிறேன். இது ஐந்தாம் ஆண்டு. எங்கள் வேலையில் பெரும்பகுதி காத்திருத்தல்தான். ஒரு கணக்கீட்டைப் பொதுக் கணினியின் வரிசையில் சேர்த்துவிட்டால், அது முடியும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. சென்ற ஆண்டு ஜூன் மாதம், பட்டம் பெற்று ஊர் திரும்பிய அறை நண்பர் ஒருவர், தம்முடைய ஸ்டீயரிங் வீலையும் பெடல்களையும் பாதி விலைக்கு என்னிடம் விட்டுச் சென்றார். படிப்பு மேசையின் விளிம்பில் அதை இறுக்கிப் பொருத்தினேன். வெளியே புனேயின் ஜூலை மழை விடாது பெய்துகொண்டிருக்க, இரவு பத்து மணிக்கு மேல் நான் நாள்தோறும் இத்தாலிக்குப் போய்வரத் தொடங்கினேன்.

விளையாட்டின் பெயர் 'அசெட்டோ கோர்சா'. குனோஸ் என்னும் இத்தாலிய நிறுவனம் 2014-இல் முழுமையாக வெளியிட்டது. பெயருக்கு ஏறத்தாழ 'பந்தய அமைப்பு' என்று பொருள். டயரின் காற்றழுத்தம், சக்கரங்களின் சாய்வு, ஸ்பிரிங்கின் விறைப்பு, முன் பின் பிரேக்குகளுக்கிடையே விசையைப் பங்கிடும் விகிதம் என எத்தனையோ மதிப்புகளை ஓட்டுபவரே மாற்றிக்கொள்ளலாம். ஓட்டுவதைவிட இம்மதிப்புகளைத் திருகுவதில் அதிக நேரம் செலவிடுவோர் உண்டு. நானும் அவர்களில் ஒருவனானேன்.

நான் தேர்ந்துகொண்டது லோட்டஸ் டூ-இலெவன் காரின் பந்தய வடிவம். இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் 2007-இல் அறிமுகப்படுத்திய கார் இது. கூரை இல்லை, கதவு இல்லை. எடை சுமார் 670 கிலோ, அதாவது நம் பழைய மாருதி 800 அளவே. ஆனால் அந்த மாருதிக்கு 40-க்கும் குறைவான குதிரைத்திறன் என்றால், இதற்கு ஏறத்தாழ 250. எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின்னச்சுக்கு முன்னால் இருக்கிறது. இதைத்தான் நடு எஞ்சின் அமைப்பு என்கிறார்கள்.

எஞ்சின் எங்கே இருந்தால் என்ன என்று கேட்கலாம். நீண்ட தண்டின் இரு முனைகளிலும் குடங்களைக் கட்டித் தோளில் சுமப்பவர் சட்டென்று திரும்ப முடியாது. திரும்பத் தொடங்கிவிட்டால் சட்டென்று நிற்கவும் முடியாது. அதே குடத்தை இடுப்பில் வைத்திருப்பவர் நினைத்த கணத்தில் திரும்பிவிடுவார். எடை மையத்தை ஒட்டியிருந்தால் திருப்பத்துக்கு எதிரான நிலைமம் குறைகிறது. நடு எஞ்சின் கார் வளைவில் விரைந்து திரும்புவது இதனால்தான். அதே காரணத்தால் அது விரைந்து சுழன்றும் போகும். பின்சக்கரங்கள் பிடியை இழக்கத் தொடங்கினால், நாம் உணர்ந்து கையைத் திருப்புவதற்குள் கார் பின்புறமாக நின்றுகொண்டிருக்கும். எடை குறைந்த காரில் எல்லாமே கூர்மையாகத் தெரியும் என்பது இன்னொரு செய்தி. தொட்டியில் 30 லிட்டர் பெட்ரோல் கூடுதலாக இருந்தால் 22 கிலோ. இந்தக் காரின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு. ஓட்டுநர் 70 கிலோ என்றால் பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

எடை குறைந்த, எஞ்சின் பின்னால் இருக்கும் கார் என்றதும் கோவைக்காரனாகிய எனக்கு இங்கிலாந்து நினைவுக்கு வரவில்லை, எஸ். கரிவர்தன்தான் நினைவுக்கு வந்தார். 1980-களின் இறுதியில் மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தி, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கோவையில் உருவாக்கியவர் அவர். 'ஃபார்முலா மாருதி' என்று அவை அறியப்பட்டன. வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்ய வசதியில்லாத இளைஞர்களும் பந்தயத்துக்குள் நுழைய வழி திறந்தது. பின்னாளில், 2005-இல், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் தம் தொடக்க காலத்தில் ஃபார்முலா மாருதியில் ஓட்டியவரே. கரிவர்தன் 1995-இல் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003-இல் தொடங்கப்பட்ட பந்தயத் தடத்துக்கு அவருடைய பெயரையே சூட்டியிருக்கிறார்கள். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த என் அப்பா, நான் பள்ளியில் படிக்கும்போது அங்கே பந்தயம் பார்க்க அழைத்துப் போயிருக்கிறார். கார்களைப் பார்த்ததைவிட, ஓட்டத்துக்கு நடுவே மெக்கானிக்குகள் குனிந்து எதைத் திருகுகிறார்கள் என்பதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி என் தடத்துக்கு வருகிறேன். மாஜியோனே என்பது இத்தாலியின் உம்ப்ரியா பகுதியில் உள்ள, இரண்டரை கிலோமீட்டர் நீளமுள்ள சிறிய பந்தயத் தடம். பெரிய மேடு பள்ளம் இல்லாதது. முதல் வாரத்தில் என் சிக்கல் இதுவாக இருந்தது: மெதுவான வளைவுகளில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு கார் வெளிப்புறமாக விரிந்து போகும். சரி என்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், மறுகணமே பின்புறம் பிய்த்துக்கொண்டு சுழலும். எடை பின்னால் இருக்கும் காரின் இயல்பு இது. முன்சக்கரங்களின் மீது அழுத்தம் குறைவு. காலை எடுத்ததும் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. பின்சக்கரங்களின் பிடி தளர்கிறது.

ஓர் ஆகஸ்டு இரவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். கார் வளைவில் சாய்வதைத் தடுக்கும் தண்டைப் பின்புறம் விறைப்பாக்கினேன். முன்புறம் நன்றாகத் திரும்பியது, பின்புறம் ஆட்டம் கண்டது. ஆட்டத்தை அடக்கப் பின்சக்கரங்களைச் சற்றே உள்நோக்கித் திருப்பிவைத்தேன். அதுவும் போதாமல் பின்சிறகின் சாய்வைக் கூட்டினேன். நேர்ப்பாதையில் வேகம் குறைந்தது. அதை ஈடுசெய்யக் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, தரையில் இடிக்காதிருக்க ஸ்பிரிங்குகளை விறைப்பாக்கினேன். ஒவ்வொரு மாற்றமும் முந்தைய மாற்றம் உண்டாக்கிய சிக்கலுக்கு மருந்து. நான்கு வார முடிவில் ஒரு சுற்றுக்கு 2.3 விநாடி குறைந்திருந்தது. இரண்டரை கிலோமீட்டரில் 2.3 விநாடி என்பது பெரிய தொகை. மதிப்புகளை ஓர் அட்டவணையாக எழுதி மேசைக்கு மேல் சுவரில் ஒட்டினேன்.

பிறகு அதே காரை, அதே அட்டவணையோடு, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குத் தடத்துக்குக் கொண்டுபோனேன். 20.8 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டு மலையில் ஏறி இறங்கும் பழைய பாதை அது. உண்மையான தடத்தை லேசரால் அளந்து இவ்விளையாட்டில் அமைத்திருப்பதால், அதன் ஒவ்வொரு மேடும் கைக்குத் தெரியும். ஃப்ளுக்பிளாட்ஸ் என்னும் இடத்தில் பாதை ஒரு மேட்டின் மீது ஏறி மறைகிறது. அங்கே கார் கணநேரம் எடையிழந்ததுபோல் ஆகும். என் கார் ஏறியது, இறங்கியது, அடிப்பாகம் தரையில் உரசியது, சக்கரங்கள் தரையை விட்டன. சுழன்று தடுப்பில் மோதியது. அன்றிரவு பதினோரு முறை முயன்றேன். ஒரு முறைகூட முதல் ஐந்து கிலோமீட்டரைத் தாண்டவில்லை. ஆர்வத்துக்காக, எதையும் மாற்றாமல், விளையாட்டு முதலில் கொடுத்த அமைப்பிலேயே ஓட்டிப் பார்த்தேன். முதல் முயற்சியிலேயே, மெதுவாகத்தான் என்றாலும், முழுச் சுற்றும் முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் தொலைபேசியில் பேசும்போது இதைச் சொன்னேன். பொம்மைக் காருக்கு இவ்வளவு பாடா என்று சிரித்தவர், நான் என்னென்ன மாற்றினேன் என்பதை மட்டும் பொறுமையாகக் கேட்டார்.

"ஏங்கண்ணு, நாலு திருக்கையும் ஒட்டுக்கா திருகிப்போட்டா, எது வேலை செஞ்சுதுன்னு எப்புடிக் கண்டுபுடிப்பே? மொதல்ல எல்லாத்தையும் பழையபடி வெச்சு அந்தச் சின்ன ரோட்டுலயே ஒருக்கா ஓட்டிப் பாரு."

பழையபடி வைத்து ஓட்டுவது! எந்த ஆய்வுக்கூடத்திலும் முதலாண்டு மாணவனுக்குச் சொல்லித்தரும் பாடம். நான் அதைச் செய்திருக்கவில்லை. மாஜியோனேயில் தொடக்க நாட்களில் எடுத்த நேரத்தையும், நான்கு வாரம் கழித்து எடுத்த நேரத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு முழுவதையும் என் அட்டவணையின் கணக்கில் வரவு வைத்திருந்தேன்.

அன்று மாலை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்ரோல் 15 லிட்டர், தடத்தின் வெப்பநிலை 26 பாகை என்று நிலைநிறுத்தினேன். மிகச் சிறந்த ஒரு சுற்றை எடுத்துக்கொள்ளாமல், பத்துச் சுற்றுகளின் சராசரியை எழுதுவது என்று முடிவு செய்தேன். ஒரு காரியத்தைப் பலமுறை செய்தால் ஒருமுறையேனும் அதிர்ஷ்டம் வாய்க்கும். சிறந்த சுற்றை மட்டும் எழுதுகிறவன் தன் அதிர்ஷ்டத்தையே அளந்துகொண்டிருப்பான். முதலில் தொடக்க அமைப்பில் பத்துச் சுற்றுகள். அடுத்து என் அட்டவணையில் பத்து. மறுபடியும் தொடக்க அமைப்பில் பத்து.

விடை எளிமையாக இருந்தது. நான் பெருமைப்பட்ட 2.3 விநாடியில் 1.7 விநாடி, தொடக்க அமைப்பிலேயே கிடைத்தது. ஒரு மாதப் பழக்கத்தில் நானே அறியாமல் பிரேக்கை ஒரேயடியாக விடாமல், வளைவுக்குள் நுழைந்த பிறகும் சிறிது சிறிதாகத் தளர்த்தக் கற்றிருந்தேன். அதனால் பாரம் முன்சக்கரங்களின் மேல் நின்றது, கார் திரும்பியது. மாறியது காரன்று, ஓட்டியவன். என் அட்டவணையின் உண்மையான பங்கு 0.6 விநாடி மட்டுமே. அந்தப் பங்குக்காக, வேறெந்தத் தடத்திலும் ஓட முடியாத ஒரு காரை உருவாக்கியிருந்தேன்.

அதன்பின் ஒவ்வொரு மதிப்பாக மாற்றி, பத்துச் சுற்று ஓட்டி, மறுபடி பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்ததைத் தொட்டேன். மூன்று வாரம் பிடித்தது. பின்புறத் தண்டின் விறைப்பும், பின்சக்கரங்களின் உள்திருப்பமும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன என்பது தெரிந்தது. இரண்டையும் நீக்கினால் நேரத்தில் ஏறத்தாழ எந்த வேறுபாடும் இல்லை. இறுதியில் தொடக்க அமைப்பிலிருந்து நான்கே மாற்றங்கள் நிலைத்தன: டயர் சூடேறிய பின் சரியான அழுத்தம் வரும்படி குளிர்நிலைக் காற்றைச் சற்றுக் குறைத்தது, டயரின் உள், நடு, வெளிப்பகுதி வெப்பத்தைப் பார்த்து முன்சக்கரச் சாய்வைச் சிறிது திருத்தியது, பிரேக் விசையில் நூற்றுக்கு இரண்டு பங்கை முன்னால் தள்ளியது, பின்சிறகை ஒரே ஒரு படி உயர்த்தியது. இந்தக் கார் நூர்பர்க்ரிங்கிலும் ஓடுகிறது.

இவ்வளவும் விளையாட்டு. ஆனால் அந்த மூன்று வாரமும் என்னை வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது.

பருவமழை மாதிரியில் காற்று மண்டலத்தைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறோம். ஒரு மேகம் அக்கட்டத்தைவிட மிகச் சிறியது. மாதிரியின் கண்ணுக்கு அது தெரியாது. ஆகவே மேகத்தின் செயலைச் சில எண்களில் அடக்குகிறோம். எழும் மேகம் சுற்றியுள்ள உலர்ந்த காற்றை எவ்வளவு உள்வாங்குகிறது, மேகநீர் எவ்வளவு விரைவில் மழைத்துளியாகிறது என்பன போன்ற எண்கள். இவற்றை நேரடியாக அளந்து ஒரே மதிப்பாகச் சொல்லிவிட முடியாது என்பதால், ஒரு வரம்புக்குள் மாற்றிப் பார்த்துச் செப்பம் செய்கிறோம். உலகெங்கும் வானிலை, காலநிலை மாதிரிகளில் இது நடக்கிறது, தவறன்று. என் நான்காம் இயல் அப்படிப்பட்ட மூன்று எண்களைப் பற்றியது. அவற்றை மாற்றியதால் மத்திய இந்தியாவின் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை, அளவீடுகளோடு முன்னைவிட நன்கு பொருந்துகிறது என்று எழுதியிருந்தேன். ஒரு கருத்தரங்கில் படித்தும் விட்டேன்.

எழுதாத ஒன்று இருந்தது. அதே எண்களோடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓட்டியபோது, தமிழ்நாட்டில் மழை ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அம்மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. அந்த வரைபடத்தை 'பிற்பாடு' என்று பெயரிட்ட கோப்புறைக்குள் போட்டு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. என் ஆய்வு தென்மேற்குப் பருவமழையைப் பற்றியதுதானே, இது எல்லைக்கு வெளியே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

புனேயின் சிவாஜி நகரில் 'சிம்லா ஆபீஸ்' என்று இன்றும் மக்கள் சொல்லும் கட்டடம் ஒன்று உண்டு. இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928-இல் சிம்லாவிலிருந்து இங்கே வந்ததால் ஏற்பட்ட பெயர். அந்தத் துறைக்கு 1904 முதல் 1924 வரை தலைவராக இருந்தவர் கில்பர்ட் வாக்கர் என்னும் கணித வல்லுநர். உலகின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் அளவீடுகளைத் திரட்டி, இந்தியப் பருவமழையோடு எது சேர்ந்து நடக்கிறது என்று தேடியவர். அப்படித் தேடும்போதே அதிலுள்ள ஆபத்தையும் உணர்ந்தவர். பல தொடர்புகளைக் கணக்கிட்டு அவற்றுள் மிக வலுவானதைப் பொறுக்கி எடுத்தால், அது வெறும் தற்செயலாலும் வலுவாகத் தோன்றக்கூடும். எத்தனை முயற்சிகளிலிருந்து பொறுக்கினோம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1914-லேயே எழுதினார். அந்தக் கட்டடத்தைப் பேருந்தில் பலமுறை கடந்திருக்கிறேன். வாக்கரின் இக்கருத்தை என் ஆய்வேட்டின் முதல் இயலில் ஒரு பத்தியாகவும் எழுதியிருக்கிறேன். எழுதியவன் அதைத் தன் மேல் போட்டுப் பார்க்கவில்லை.

அக்டோபரில் அப்பா சொன்ன வேலையை மாதிரியில் செய்தேன். மூன்று எண்களையும் பழையபடி வைத்து, இன்றைய அளவுகோலில் மறுபடி ஓட்டினேன். இரண்டாண்டுகளில் அளவுகோலும் மாறியிருந்தது. ஒப்பிடும் மழைத் தரவை மாற்றியிருந்தேன். ஆண்டுகளின் வரம்பை மாற்றியிருந்தேன். 'மத்திய இந்தியா' என்று நான் வரைந்த பெட்டியை இரண்டு பாகை நகர்த்தியிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் அந்நேரத்தில் ஒரு நியாயமான காரணம் இருந்தது. வரிசையில் ஒன்பது நாள் காத்திருந்து முடிவு வந்தபோது, நான் அறிவித்த முன்னேற்றத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, எண்கள் எதையும் மாற்றாத பழைய மாதிரியிலேயே இருந்தது. மாதிரி அவ்வளவாகத் திருந்தவில்லை. எந்தப் பெட்டியில் பார்த்தால் அது நன்றாகத் தெரியும் என்பதை நான் கற்றுக்கொண்டிருந்தேன். விளையாட்டிலாவது ஓட்டுநன் உண்மையாகவே நன்றாக ஓட்டக் கற்றிருந்தான்.

இரண்டு வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு என் நெறியாளரிடம் போனேன். உதவித்தொகை மார்ச்சில் முடிகிறது என்பது அவருக்கும் தெரியும். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டு வரைபடத்தை எப்போது முதலில் பார்த்தாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இயலை மறுபடி எழுத வேண்டும், கருத்தரங்கக் கட்டுரைக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும், அதில் தம் பெயரும் இருப்பதால் அதைத் தாமும் படித்துப் பார்த்தே அனுப்ப வேண்டும் என்றார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஆறு மாதம் நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். அந்த ஆறு மாதத்துக்கு உதவித்தொகை இல்லை. மாலையில் பள்ளி மாணவர் நால்வருக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். அறை வாடகைக்கு அது போதும்.

புதிய நான்காம் இயல் பழையதைவிடச் சிறியது. பழைய மதிப்புகளோடு ஒப்பீடு முதலில் வருகிறது. தமிழ்நாட்டு வரைபடம் இயலின் நடுவில் இருக்கிறது. மூன்று எண்களில் ஒன்று மட்டும், இரு பருவங்களிலும், எந்தப் பெட்டியில் பார்த்தாலும் சிறிதளவு நன்மை செய்கிறது. அதைப் பற்றி மட்டுமே சொல்கிறேன்.

சென்ற வாரம் அப்பா தொலைபேசியில் கேட்டார், "இப்போ உன் கம்ப்யூட்டர்ல நம்மூருக்கு மழை பேயுதா கண்ணு?"

"கொஞ்சந்தாம்ப்பா" என்றேன்.

இந்தக் காரை ஓட்டும் நண்பர்கள் யாரேனும் இருந்தால் எழுதுங்கள். என் நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் எதையும் மாற்றாத கார் எடுத்த நேரம் இருக்கும். அதை மட்டும் விட்டுவிடாமல் படியுங்கள்.